பீரங்கிக்குப் பின்னால் இருக்கும் அறை

சிங்கப்பூரின் சிலோசோ கோட்டைக்குப் போனவர்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரி போட்டோ இருக்கும். பீரங்கியின் குழாய்க்குப் பக்கத்தில் நின்று, கடலைப் பார்த்துக்கொண்டு. அதில் தப்பில்லை, பீரங்கி பார்க்க அழகான பொருள்தான். அன்று ஒரு குடும்பம் போட்டோ எடுத்து முடித்துக் கிளம்பும்போது, அவர்களின் பையன் மட்டும் பின்னால் இருந்த தாழ்வான கான்கிரீட் அறையின் வாசலில் நின்றுவிட்டான். "அப்பா, இது என்ன ரூம்?" "குண்டு போடுறப்போ சோல்ஜர்ஸ் எல்லாம் இங்க வந்து ஒளிஞ்சுக்குவாங்கடா." பையன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப பீரங்கிய யாருப்பா சுடுவாங்க?" அப்பா சிரித்துவிட்டு அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கடலோரப் பீரங்கித் தளங்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே ஆசையாகப் படித்து வருகிறேன். படிக்கக் கிடைப்பதில் முக்கால்வாசி பீரங்கியைப் பற்றித்தான். எத்தனை அங்குலம், எவ்வளவு தூரம் சுடும், எந்த ஆலையில் செய்தது, எப்போது கழற்றினார்கள் என்று தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். பீரங்கியைச் சுட்டவர்கள் ராத்திரியை எங்கே கழித்தார்கள், எதில் படுத்தார்கள், கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வந்து நிற்க முடிந்தது என்பதற்கு ஒரு வரி, சில சமயம் அதுவும் இல்லை. ஒரு 6 அங்குலப் பீரங்கியை ஒருவரால் சுட முடியாது. குண்டு ஒன்றே 45 கிலோ. தூக்க ஓர் ஆள், திணிக்க ஓர் ஆள், வெடிமருந்துப் பை போட ஒருவர், திருப்ப ஒருவர், குறி பார்க்க ஒருவர் என்று ஏறக்குறைய பத்துப் பேர் சேர்ந்தால்தான் அது பீரங்கி. இல்லாவிட்டால் வெறும் இரும்புக் குழாய். அந்தப் பத்துப் பேரையும் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் கொடுத்த பதில்தான் அந்த அறை. பதில் மாற மாற அறையும் மாறியிருக்கிறது.

மருத்துவமனையில் டியூட்டி டாக்டருக்கு ஓர் அறை கொடுத்திருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வசதியாகத் தூங்கட்டும் என்றா கொடுக்கிறார்கள்? நர்ஸ் கதவைத் தட்டினால் அடுத்த நிமிடம் வார்டில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். பீரங்கிக்குப் பின்னால் இருக்கும் அறையும் பெரும்பாலும் அந்த வகைதான். பையனுக்கு அவன் அப்பா சொன்ன பதிலில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் அந்த உண்மை பின்னால் வந்து சேர்ந்தது. அறையின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது.

பீரங்கியோடு குடித்தனம்

1860-இல் பிரிட்டனில் ஒரு ராயல் கமிஷன் தன் அறிக்கையைக் கொடுத்தது. பிரான்சிடம் கவசக் கப்பல்கள் வந்துவிட்டன, துறைமுகங்களைக் கோட்டை கட்டிக் காக்க வேண்டும் என்றது. அதன் பிறகு போர்ட்ஸ்மவுத், பிளிமவுத் பக்கமெல்லாம் கருங்கல் கோட்டைகள் எழுந்தன. சில கோட்டைகளைக் கடலுக்கு நடுவிலேயே கட்டினார்கள். இவற்றில் பீரங்கி நின்றது வளைவுக் கூரை போட்ட, கல்லால் கட்டிய அறைகளில். முன்சுவரில் குண்டு போக ஒரு துளை, பின்பக்கம் திறப்பு. பல கோட்டைகளில் படைவீரர்கள் குடியிருந்ததும் அந்த அறைகளில்தான். ஓரத்தில் கட்டில், நடுவில் பல டன் எடையுள்ள பீரங்கி. குளிர் உள்ளே வராமல் பின்பக்கத் திறப்பை ஜன்னல் வைத்து அடைத்துக்கொள்வார்கள். சண்டை என்றால் கட்டில், பெட்டி, ஜன்னல் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு அதே அறையில் பீரங்கியைச் சுட வேண்டும்.

ஆகவே அன்று 'எங்கே தங்குவது' என்று ஒரு தனிக் கேள்வியே இல்லை. தூங்கும் இடமும் வேலை செய்யும் இடமும் ஒன்று. எழுந்து நாலடி நடந்தால் பீரங்கி. கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அறைகளில் ஈரம் ஊறிக்கொண்டே இருந்தது, வெளிச்சம் குறைவு, சுட்டால் புகை போக வழியில்லை.

1880-களுக்குப் பிறகு எல்லாம் மாறியது. பீரங்கிகள் நீண்டன, தூரம் கூடியது, பின்பக்கத்திலிருந்தே குண்டு போடும் வகை வந்தது. பெரிய கல்கோட்டை எதிரிக்குச் சுலபமான குறி என்று புரிந்ததும், பீரங்கியை வெட்டவெளிக்குக் கொண்டுவந்து தரையோடு தரையாக, சரிவான கான்கிரீட் மேட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். கடலிலிருந்து பார்த்தால் புல்மேடு மாதிரிதான் தெரியும். அதற்குக் கீழே வெடிமருந்துக் கிடங்கு. பீரங்கிக்கும் கிடங்குக்கும் இடம் ஒதுக்கியாயிற்று, ஆட்களுக்கு? அவர்கள் தங்கும் பாரக்ஸ் குன்றுக்குப் பின்னால், தள்ளிப் போய்விட்டது. தளத்திலேயே அவர்களுக்கென்று மிஞ்சியது, பீரங்கிமேடையின் ஓரத்தில் கான்கிரீட்டில் குடைந்த ஒரு குறுகலான இடம். பயிற்சியின்போது மழைக்கு ஒதுங்கலாம், சண்டையின்போது கைவேலை இல்லாதவர் தலையைக் குனிந்து உட்காரலாம், அவ்வளவுதான்.

வெடிமருந்துக் கிடங்கை எவ்வளவு யோசித்துக் கட்டினார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஈரம் மருந்தைத் தொடக் கூடாது என்று நடுவில் வெற்றிடம் விட்டு இரட்டைச் சுவர் எழுப்பினார்கள். விளக்கின் தீ உள்ளே வரக் கூடாது என்று, விளக்குக்கென்றே தனியாக ஓர் ஒடுங்கிய நடை. அந்த நடைக்குள் நின்று தடித்த கண்ணாடிக்குப் பின்னால் விளக்கை வைத்தால், வெளிச்சம் மட்டும் கிடங்குக்குள் விழும். உள்ளே போகிறவர்கள் ஆணி வைத்த பூட்ஸைக் கழற்றி வேறு உடை, வேறு செருப்பு மாற்றிக்கொள்ள வாசலில் ஓர் அறை. குறுக்கே ஒரு தடுப்பு, தடுப்புக்கு இந்தப் பக்கம் இரும்பு உண்டு, அந்தப் பக்கம் இல்லை. மருந்துக்கு அத்தனை கவனம் வேண்டியதுதான், ஒரு பொறி பட்டால் தளமே போய்விடும். ஆனால் ஒரே காலத்தில், ஒரே கான்கிரீட்டில் கட்டிய இரண்டு அறைகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கும். மருந்தின் அறையில் சுவர் இன்னும் காய்ந்திருக்கும், மனிதனின் அறையில் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும்.

நாலு நிமிடக் கணக்கு

இந்தக் கதையின் திருப்பம் என்று நான் நினைப்பது டார்பிடோ படகு, அதாவது தண்ணீருக்கடியில் ஓடிப்போய்க் கப்பலில் மோதி வெடிக்கும் குண்டை ஏவும் படகு. சின்னப் படகு, கவசம் கிடையாது, பெரிய பீரங்கி கிடையாது. ஆனால் வேகம் உண்டு, ராத்திரியில் கண்ணில் படாது, நங்கூரம் போட்டு நிற்கும் ஒரு போர்க்கப்பலை ஒரே அடியில் சாய்க்கும். பெரிய கப்பல் வருவது தெரிந்தால் தயாராக நேரம் இருக்கிறது. புகை தெரியும், தூரத்திலேயே அடையாளம் காணலாம், பாரக்ஸிலிருந்து ஆட்களை வரவழைக்கலாம். டார்பிடோ படகு அந்த நேரத்தைத் தராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 நாட் வேகம் என்றால் மணிக்கு சுமார் 46 கிலோமீட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 770 மீட்டர். இருட்டில் சர்ச் லைட் ஒரு படகை 3 கிலோமீட்டரில் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது துறைமுக வாயைத் தொட நாலு நிமிடம்கூட ஆகாது. பாரக்ஸ் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், தூக்கத்திலிருந்து எழுந்து பூட்ஸ் மாட்டி, இருட்டில் மேடேறி ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இந்தப் படகுகளுக்கென்றே வேகமாகச் சுடும் 12 பவுண்டர் பீரங்கிகளை வாங்கி வைத்தார்கள், நிமிடத்துக்கு 15 குண்டு வரை சுடும். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அந்த வேகத்தால் என்ன பயன்?

1904 பிப்ரவரி 8 ராத்திரி, சீனக் கரையில் ரஷ்யக் கடற்படைத் தளமாக இருந்த போர்ட் ஆர்தரில் இது நிஜமாகவே நடந்தது. ஜப்பான் இன்னும் போர்ப் பிரகடனம் செய்யவில்லை. ரஷ்யக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றன. நள்ளிரவு வாக்கில் ஜப்பானிய டெஸ்ட்ராயர்கள் நெருங்கி வந்து டார்பிடோக்களை விட்டன. ரெட்விசான், செசாரேவிச், பல்லாடா என்று மூன்று கப்பல்கள் அடிபட்டன. கரையில் கோட்டைகளும் பீரங்கிகளும் ஏராளம், ஆனால் அன்றிரவு பெரும்பாலானவை சுடும் நிலையில் இல்லை. பிரகடனம் வந்தது பிப்ரவரி 10. சண்டை தொடங்கிவிட்டது என்று முறையாகச் சொல்லி, ஆட்களைக் கூட்டி, பீரங்கியைத் துடைத்துத் தயார் செய்ய அவகாசம் கிடைக்கும் என்று நம்பிக் கட்டிய எந்தத் தளத்துக்கும் அது கெட்ட செய்தி.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தளங்களில் பீரங்கிக்குச் சற்றுப் பின்னால் தனித் தங்கறைகள் எழுந்ததை இந்த நாலு நிமிடத்தோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். அமைதிக் காலத்தில் அவை சும்மா கிடக்கும், போர் மூளும் என்று தெரிந்தால் ஒரு பகுதி ஆட்கள் அங்கேயே வந்து படுக்க வேண்டும். முறை போட்டுக்கொண்டு, ஒரு குழு விழித்திருக்க, இன்னொரு குழு உடை மாற்றாமல் பூட்ஸோடு படுத்திருக்கும். அந்த அறைகளில் கவனிக்க வேண்டியது கதவு. அகலமான கதவு, பீரங்கியைப் பார்த்த திசையில், நடுவில் தடை இல்லாமல். வசதியாகத் தங்குவதற்காகக் கட்டியிருந்தால் காற்று வரும் பக்கமோ கடல் இரைச்சல் கேட்காத பக்கமோ பார்த்து வைத்திருப்பார்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் முட்டிக்கொள்ளாமல் வெளியே ஓடிவருவதற்கான கதவு அது. பையனுக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்தக் கதவில் இருக்கிறது.

ஆட்கள் பீரங்கியருகே இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1914-இல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உதாரணங்கள் கிடைக்கின்றன. ஒன்று நமக்குத் தெரிந்த கதைதான். செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு முன்னால் வந்து நின்று, விளக்கைப் போட்டு, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. கரையிலிருந்து பீரங்கிகள் பதில் சொன்னாலும் கப்பலுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. இன்னொன்று அதே ஆண்டு டிசம்பர் 16, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல். ஏதோ நடக்கலாம் என்று முந்தின இரவே எச்சரிக்கை வந்திருந்ததால் ஆட்கள் விடியுமுன்பே பீரங்கியருகே நின்றார்கள். மூன்றே மூன்று 6 அங்குலப் பீரங்கிகள், எதிரே ஸைட்லிட்ஸ், மோல்ட்கே, ப்ளூஷர் என்று மூன்று பெரிய ஜெர்மானியப் போர்க்கப்பல்கள். ஊரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதை வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் கரைப் பீரங்கிகள் 123 குண்டுகள் சுட்டன, ப்ளூஷர் அடிபட்டது, அதில் ஆட்கள் இறந்தார்கள். சென்னையில் எல்லாமே ஆள் இல்லாத குறைதான் என்று நான் சொல்ல வரவில்லை. இருட்டு, தூரம், பீரங்கியின் தரம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் முதல் குண்டு விழும்போது பத்துப் பேரும் பீரங்கியைச் சுற்றி நிற்கிறார்களா என்பதுதான் எனக்கு இரண்டு கதைகளிலும் பெரிதாகத் தெரிகிறது.

கூரை வந்த காலம்

முதல் உலகப் போர் வரை ஆபத்து கடலிலிருந்துதான் வந்தது. அதனால் முன்பக்கம் தடித்த கான்கிரீட், பின்பக்கமும் மேல்பக்கமும் திறந்தவெளி. விமானம் வந்ததும் இந்த ஏற்பாடு முழுக்கத் தலைகீழானது. மேலிருந்து பார்க்கும் ஒருவனுக்கு அந்தத் திறந்த பீரங்கிமேடை வட்டமாக, பளிச்சென்று தெரியும்.

1940-இல் டன்கர்க் வழியாகப் பிரிட்டிஷ் படை பிரான்சிலிருந்து பின்வாங்கிய பிறகு பிரிட்டன் தன் கரையெங்கும் அவசரமாகத் தளங்கள் அமைத்தது. பழைய போர்க்கப்பல்களிலிருந்து கழற்றிக் கிடங்கில் போட்டு வைத்திருந்த பீரங்கிகள், பெரும்பாலும் தளத்துக்கு இரண்டு. அவற்றின் மேல் செங்கல்லும் கான்கிரீட்டுமாகக் கூரை போட்டார்கள். பாய்ந்து குண்டு வீசும் விமானத்திடமிருந்து ஆட்களைக் காக்க. அந்தக் கூரை வந்ததும் பீரங்கி மறுபடி ஓர் அறைக்குள் வந்துவிட்டது, தங்கறையும் கிடங்கும் அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டன. எண்பது வருடம் சுற்றி, 1860-களின் ஏற்பாட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார்கள். பையனின் அப்பா சொன்ன ஒளிந்துகொள்ளும் அறை உண்மையாவது இந்தக் கட்டத்தில்தான், அதிலும் பாதிதான். அந்தக் கூரைக்கு அடியிலும் ஆட்கள் சுட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஜெர்மானியர்கள் பிரான்ஸ் கரையில் கட்டியது வேறு ரகம். அவர்கள் தங்கறையைப் பீரங்கியிடமிருந்து முழுக்கப் பிரித்து, எண் போட்ட ஒரே வரைபடத்தை வைத்து நூற்றுக்கணக்கில் கட்டினார்கள். 621 என்ற வகை பத்துப் பேருக்கு, 622 இருபது பேருக்கு. சுவரும் கூரையும் 2 மீட்டர் கான்கிரீட். உள்ளே நுழைந்ததும் விஷவாயுவுக்கு ஒரு தடுப்பறை, இரும்புக் கதவு, சுவரில் சங்கிலியில் தொங்கும் கட்டில்கள், அடுப்பு, கையால் சுற்றும் காற்றாடி. வாசல் இடிந்து மூடிக்கொண்டால் வெளியேற மறுபக்கம் ஓர் அவசர வழி. அதைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். உள்ளேயிருந்து செங்கலை உடைத்து எடுத்து, மண்ணை வாரிவிட்டு மேலே ஏற வேண்டும். 2 மீட்டர் கான்கிரீட்டைக் கொடுத்தவர்களே 'நீ புதைந்து போகலாம்' என்பதையும் யோசித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த வரைபடத்தில் முதல்முறையாக, மனித உயிரை ஒரு பொறியாளர் மருந்துக் கிடங்கு அளவுக்கு அக்கறையோடு நினைத்திருப்பது தெரிகிறது. எந்த ஆட்சிக்காக, யாருடைய கட்டாய உழைப்பில் அவை எழுந்தன என்பது அந்த எண்ணத்தின் மேல் வந்து விழுகிறது. இரண்டையும் ஒன்றாகவே மனதில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தால், சாங்கியில் ஜோகூர் பேட்டரியின் மூன்று 15 அங்குலப் பீரங்கிகளும், செந்தோசாவின் சிலோசோவும் கட்டப்பட்டது கடலிலிருந்து வரும் எதிரிக்காக. எதிரி 1942 பிப்ரவரியில் தரைவழியாக வந்தான். பீரங்கிகள் தப்பான பக்கம் பார்த்தன என்பது பாதிக் கதை. பல பீரங்கிகள் திரும்பித் தரைப்பக்கம் சுட்டன, ஆனால் கையிருப்பில் இருந்தவை பெரும்பாலும் கப்பல் கவசத்தைத் துளைக்கும் குண்டுகள். தங்கறைகளுக்கும் அதே நிலைமைதான். கடலைப் பார்த்த பக்கம் பாதுகாப்பு, எதிரி வந்தது முதுகுப்பக்கம்.

காத்திருந்தவர்கள்

நான் இவ்வளவு நேரம் கான்கிரீட்டைப் பற்றியே பேசினேன். ஆனால் அந்த அறைக்குள் நடந்தது காத்திருப்பு. பெரும்பாலான கடலோரப் பீரங்கித் தளங்கள் தங்கள் ஆயுளில் எதிரிக் கப்பலை நோக்கி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. முறை மாறி, துடைத்து, எண்ணெய் போட்டு, இருட்டைப் பார்த்து, மறுபடி படுத்து, அப்படியே வருடங்கள் போயின. ஒரே பத்துப் பேர், ஒரே நாலு சுவர், வெளியே ஒரே கடல். மனிதர்களுக்கு அது என்ன செய்யும் என்று எந்த வரைபடத்திலும் எழுதவில்லை.

1942-இல் இந்தியப் பெருங்கடலில் இரண்டு சிறு தீவுகளில் நடந்ததை நான் இதோடு சேர்த்தே நினைக்கிறேன். கிறிஸ்துமஸ் தீவில் ஒரே ஒரு 6 அங்குலப் பீரங்கி. ஹாங்காங் சிங்கப்பூர் ராயல் ஆர்ட்டிலரியின் இந்திய வீரர்கள், மேலே ஒரு பிரிட்டிஷ் கேப்டனும் சில பிரிட்டிஷ் கீழ்நிலை அதிகாரிகளும். மார்ச்சில் ஓர் இரவு, அந்த இந்திய வீரர்களில் சிலர் கலகம் செய்தார்கள், தூங்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ்காரர்கள் ஐவரும் கொல்லப்பட்டார்கள். மாதக் கடைசியில் ஜப்பானியர்கள் வந்து இறங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து, மே 8 ராத்திரி, கோகோஸ் தீவுகளில் ஹார்ஸ்பர்க் என்ற சின்னஞ்சிறு தீவு. இரண்டு 6 அங்குலப் பீரங்கிகள், இலங்கையிலிருந்து போன சிலோன் காரிசன் ஆர்ட்டிலரி. கிரேஷன் பெர்னாண்டோ என்ற வீரர் தலைமையில் ஒரு குழு பீரங்கிகளைக் கைப்பற்ற முயன்றது. அது தோற்றது. சக வீரர் ஒருவர் இறந்தார், ஆகஸ்டில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் மூவர் தூக்கிலிடப்பட்டார்கள்.

இவற்றுக்குக் காரணம் வெறும் தனிமை என்று சொன்னால் அவர்களை அவமானப்படுத்துவதாகிவிடும். ஏகாதிபத்தியத்தின் மேல் கோபம் இருந்தது, நிறவெறி இருந்தது, ஜப்பான் ஜெயித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் கோபமெல்லாம் இரவுக்கிரவு ஊறியது எங்கே? தன்னை மதிக்காத ஓர் அதிகாரிக்குக் கீழே, தன்னுடையதல்லாத ஒரு சாம்ராஜ்யத்தின் பீரங்கிக்குப் பின்னால், வராத கப்பலுக்காகப் பூட்ஸோடு படுத்திருந்த இடத்தில். நாலு நிமிடத்தில் ஓடிவர வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள், ஆட்களைப் பீரங்கிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த ஆட்கள் பீரங்கியை யாருக்காகத் திருப்புவார்கள் என்ற கேள்வியும் அதே அறைக்குள்தான் வந்து படுத்துக்கொண்டது.

1956-இல் பிரிட்டன் தன் கடலோரப் பீரங்கிப் படையைக் கலைத்தது. விமானமும் ஏவுகணையும் வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. இரும்புக்கு விலை உண்டு, அதனால் எத்தனையோ பீரங்கிகளை வெட்டி எடைக்குப் போட்டார்கள். சாங்கியில் இப்போது நிற்பதும் மாதிரிப் பீரங்கிதான். கான்கிரீட்டை உடைக்கத்தான் செலவு, அதனால் விட்டுவிட்டார்கள். உலகம் முழுக்க இத்தகைய தளங்களில் இன்று உண்மையாக மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அறைகள்தான். கட்டில் மாட்டிய கொக்கி, அடுப்புக் குழாய் போன துளை, அதைச் சுற்றிக் கரி, பூட்ஸ் தேய்த்த வாசற்படி. அந்த வாசலில் ஒரு பலகை வைக்கலாம். இரவில் எத்தனை பேர் இங்கே படுத்தார்கள், எந்த ஊர்க்காரர்கள், கதவிலிருந்து பீரங்கிக்கு எத்தனை அடி, எவ்வளவு நேரத்தில் வந்தாக வேண்டும் என்று எழுதினால் போதும். 'பீரங்கிய யாரு சுடுவாங்க' என்று கேட்கிற அடுத்த பையனுக்கு அதைப் படித்துக் காட்டலாம்.